ஐகாவோவின் தொழில்நுட்ப அலுவலர்கள்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐகாவோ) தலைமையகம் கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ளது. அங்கும் பாங்காக், கெய்ரோ, டக்கார், லிமா, மெக்சிகோ நகரம், நைரோபி, பாரிஸ் ஆகிய ஏழு வட்டார அலுவலகங்களிலும் பணிபுரியும் பொறியாளர்கள், முன்னாள் விமானிகள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், வானிலை வல்லுநர்கள் முதலியோரே தொழில்நுட்ப அலுவலர்கள் எனப்படுகின்றனர். உலகின் விமானங்கள் எவ்விதிப்படி பறக்க வேண்டும் என்பதை வரைவது இவர்கள் வேலை. ஆனால் ஒரே ஒரு விமானத்தைத் தரையில் நிறுத்திவைக்கக்கூட இவர்களுக்கு அதிகாரம் இல்லை.

இப்பணிக்கு முன்னோடி, 1919-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி அமைந்த வான்போக்குவரத்து ஆணையம். அதன் சிறிய செயலகத்தை நடத்திவந்த பிரெஞ்சுக்காரர் அல்பேர் ரோப்பர். 1944 டிசம்பர் 7-இல் சிகாகோவில் 52 நாடுகள் புதிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1947 ஏப்ரல் 4-இல் ஐகாவோ முறைப்படி தோன்றியபோது ரோப்பரே அதன் முதல் பொதுச்செயலாளர் ஆனார். ஐகாவோவின் ஆட்சிமன்றத்துக்கு (கவுன்சில்) முதல் தலைவர் எட்வர்ட் வார்னர், விமானப் பொறியியல் கற்பித்த பேராசிரியர்.

சிகாகோ உடன்படிக்கையின் 59-ஆம் பிரிவு, அமைப்பின் பணியாளர்கள் வெளியார் எவரிடமிருந்தும் கட்டளை பெறக்கூடாது என்கிறது. அந்த ‘வெளியார்’ சொந்த நாட்டு அரசையும் உள்ளடக்கும். இவர்களோடு சேர்ந்து இயங்குவது வான்பயண ஆணையம். அதன் உறுப்பினர்களை நாடுகள் முன்மொழிகின்றன, ஆட்சிமன்றம் நியமிக்கிறது. தொடக்கத்தில் 12 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை பின்பு 15 ஆகி, 2005-இல் 19 ஆனது. அர்ஜென்டினாவின் வால்டர் பினாகி இவ்வாணையத் தலைவராக இருந்து, 1957-இல் ஆட்சிமன்றத் தலைவராகி, 1976 வரை அப்பதவியில் நீடித்தார்.

தொழில்நுட்ப அலுவலர் பதவி பெரும்பாலும் ஐ.நா. பணிநிலை வரிசையின் பி-4 நிலையில் அமைவது. படிப்பு முடித்தவுடன் வந்து சேரும் வேலை அன்று. தம் நாட்டு விமானத்துறையில் பல்லாண்டு உழைத்தவர்களுக்கே இது கிட்டும்.

அலுவலரின் உழைப்பு எத்தகையது என்பதற்கு வானொலி எழுத்துப்பட்டியல் நல்ல சான்று. எழுத்துகளைச் சொற்களால் குறிக்கும் பட்டியலை உருவாக்க, மான்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ழான்-போல் வினே துணைக்கு அழைக்கப்பட்டார். 1951-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் கோக்கா, மெட்ரோ, நெக்டார் என்ற சொற்கள் இருந்தன. அவை காதில் தெளிவாக விழவில்லை என்று புகார்கள் வரவே, சார்லி, மைக், நவம்பர் என மாற்றி 1956 மார்ச் 1-இல் இறுதி செய்தனர். ஆல்ஃபாவை ‘பிஎச்’ இல்லாமல் ‘எஃப்’ இட்டு எழுதினர். ‘பிஎச்’சை எல்லா மொழியினரும் ‘ஃப’ என்று வாசிப்பார்கள் எனச் சொல்லமுடியாது. பிரெஞ்சுக்காரர் கடைசி ‘டி’யை விழுங்கிவிடுவார் என்று ஜூலியட்டுக்கு இரண்டு ‘டி’ வைத்தனர். அச்சுப்பிழை போலத் தோன்றும் அந்த இரண்டாவது ‘டி’ ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

1951 முதல் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் வல்லுநர்கள் வளரும் நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். மேசையிலிருந்து களத்துக்குப் பணி நகர்ந்தது. 1983 செப்டம்பர் 1-இல் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்திய, வழிதவறிய தென்கொரியப் பயணிகள் விமானத்தில் 269 பேர் இறந்தனர். அதை விசாரிக்கும் பொறுப்பும் ஐகாவோவுக்கு வந்தது. பதிவுக் கருவிகள் கைக்கு வராததால் முதல் அறிக்கை ஊகங்களையே நம்பவேண்டியிருந்தது. 1993-இல் ரஷ்யா நாடாக்களைக் கொடுத்த பின்னரே, தானியங்கி ஓட்டுகருவி மாறாத காந்தத் திசையில் விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்தது உறுதியாயிற்று.

1999 ஜனவரியில் உலகளாவிய பாதுகாப்புக் கண்காணிப்புத் தணிக்கை தொடங்கியது இப்பணியின் பெரிய திருப்பம். விதி எழுதியவர்கள் இப்போது நாடுகளின் விமானத்துறைக் கோப்புகளைப் புரட்டிக் கேள்வி கேட்கலானார்கள். 2015 ஜனவரியில் தாய்லாந்தில் நடந்த தணிக்கை பெரும் குறைகளைச் சுட்டியது. ஐகாவோவின் வட்டார அலுவலகமே பாங்காக்கில் இருந்தும் இந்த நிலை. ஜப்பானும் தென்கொரியாவும் தாய் நிறுவனங்களின் புதிய விமானச் சேவைகளுக்கு அனுமதி மறுத்தன. பாதுகாப்புக் குறைபாட்டைக் குறிக்க ஐகாவோ அவ்வாண்டு ஜூனில் தாய்லாந்தின் பெயருக்கு எதிரே வைத்த சிவப்புக் கொடி 2017 அக்டோபரில்தான் நீக்கப்பட்டது.