கீழாநெல்லி: ஒரு சோதனையின் கதை

நண்பர்களே, நம்ம விடுதியில் ஒருத்தனுக்கு மஞ்சள் காமாலை வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஊரிலிருந்து அவன் அம்மா வந்து கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். ஒரு மாதத்தில் பையன் மைதானத்தில் பந்து போட்டான். "பார்த்தியாடா, பச்சிலை!" என்றோம். நானும்தான்.

அந்தப் பச்சிலை ஆய்வுக்கூடம் ஏறிய வரலாறு சுவையானது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்காவின் பரூக் பிளம்பெர்க். கீழாநெல்லி இனச் செடியின் சாறு, இந்த வைரஸ் பெருகத் தேவையான டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைத் தடுப்பதாக 1987-ல் அவரது குழு எழுதியது. மறு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் பிளம்பெர்க்கும் சேர்ந்து 'லான்செட்' இதழில் முடிவு வெளியிட்டார்கள். முப்பது நாள் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது!

ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. செடியின் வகை, மண், பறிக்கும் பருவம், சாறு எடுக்கும் முறை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, போதிய ஆதாரம் இல்லை என்றது.

எஞ்சினியருக்கு இது புரியும். ஒரே வரைபடத்தை வைத்து வேறு பட்டறையில் செய்தாலும் அதே பாகம் வர வேண்டும். வந்தால்தான் வரைபடம் சரி.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் சித்தப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி என்றதும், "மாத்திரை எதுக்கு சித்தப்பா, கீழாநெல்லி போதும்" என்று விடுதிக் கதையைச் சொன்னவன் நான்தான். மூன்று வருஷம் கழித்து டாக்டரிடம் போனபோது கல்லீரல் சுருங்கியிருந்தது. விடுதி நண்பனுக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ-யாக இருந்திருக்கும். அது தானாகவே ஆறிவிடும். சித்தப்பாவுக்கு வந்தது அப்படிப்பட்டதல்ல.

தம்பி தங்கைகளே, பச்சிலையைக் கேலி செய்யாதீர்கள். சோதிக்காமல் நம்பவும் நம்பாதீர்கள். காமாலை என்றால் முதலில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டுக்கொள்ளாதவர்கள் இந்த மலரை மூடிவைத்துவிட்டு, போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.