மாலைச் செபமும் தொலைக்காட்சியும்

அசிசி நகர்ப் புனித கிளாரா 1252-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். உடன் வாழ்ந்த கன்னியர் யாவரும் செபிக்கச் சென்றுவிட்டனர். தனித்திருந்த அவர், தொலைவில் புனித பிரான்சிஸ்குவின் ஆலயத்தில் நடைபெற்ற வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் ஆறுதல் அடைந்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. இந்நிகழ்ச்சியை நினைவில் கொண்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-களின் பிற்பகுதியில் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

புதுமையை வரவேற்கும் மகிழ்ச்சியில் மட்டும் எழுந்த அறிவிப்பன்று இது. இத்தாலியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1954 ஜனவரி 3 அன்று முறையாகத் தொடங்கியது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே இதே திருத்தந்தை அந்நாட்டு ஆயர்களுக்கு மடல் ஒன்று விடுத்திருந்தார். திரைப்படம் காண்பதற்கு மனிதன் எழுந்து செல்ல வேண்டும். தொலைக்காட்சியோ குடும்பம் என்னும் திருவிடத்திற்குள் தானே நுழைந்துவிடும். அவர் கவலை இதைப் பற்றியதே. 1957-இல் சுற்றுமடல், 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை ஏடு எனத் திருச்சபை தொடர்ந்து பேசியது. ஆயினும் அந்த முதல் மடலில் சுட்டப்பட்ட இடமே, அதாவது வீடே, நம் சிந்தனைக்கு உரியது.

இந்தியாவில் தொலைக்காட்சி வீட்டின் வழியாக வரவில்லை. ஊர்ப் பொதுவிடத்தின் வழியாக வந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியபோது மக்கள் பொது மன்றங்களில் கூடிப் பார்த்தனர். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு, ஆறு மாநிலங்களின் 2400 சிற்றூர்களில் கல்வியும் வேளாண்மையும் நலவாழ்வும் காட்டப்பட்டன. கோழிவலைக் கம்பியால் ஆன பெருந்தட்டே அலைவாங்கி. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் ஊராருக்கு. ஊர் நடுவில் ஒரே பெட்டி, அதன்முன் அனைவரும். விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அதைக் காணாமலே அவர் 1971-இல் மறைந்தார். தமிழகம் அந்த ஆறில் இடம்பெறவில்லை. ஆனால் அதே ஆகஸ்டு மாதத்தில்தான் சென்னை நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது.

தென்கோடி மாவட்டங்களின் கதை சற்று வேடிக்கையானது. சென்னை அலைகள் எட்டாத அவ்வூர்களுக்கு, 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி எட்டியது. இரும்புக் குழாயின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டிக் கிழக்கே திருப்பிவைத்து, மொழி விளங்காத சிங்கள நிகழ்ச்சிகளையும் மக்கள் பொறுமையாகப் பார்த்தனர். புள்ளிகள் மட்டும் தெரிந்த இரவுகளிலும் பெட்டியை அணைக்க மனம் வராது. கோடைக்கானல் நிலையம் வந்த பின்னரே சென்னை நிகழ்ச்சிகள் அங்குத் தெளிவாகத் தெரிந்தன. அன்றும் பெட்டி உள்ள வீடு தெருவுக்கு ஒன்றுதான். கூடத்தில் உறவினர், திண்ணையில் அண்டை வீட்டார், சன்னற்கம்பியில் சிறுவர். யார் எங்கே அமரலாம், யார் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பதில் ஊரின் சாதி வழக்கம் தலைகாட்டியதையும் மறைப்பதற்கில்லை.

நம் கத்தோலிக்க இல்லங்களில் அந்நேரத்திற்கு ஏற்கெனவே ஒரு பயன் இருந்தது. மாலை மணி அடித்ததும் மூவேளைச் செபம். பிறகு இயேசுவின் திரு இருதயப் படத்தின்முன் முழந்தாளிட்டுச் செபமாலை. அச்செபம் எப்போதும் உருக்கமாக நடந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூன்றாம் தேவ இரகசியத்திலேயே பிள்ளைகள் தூங்கி விழுவர். பாட்டியின் குரல் மட்டும் மன்றாட்டு மாலைவரை தளராது. ஆனால் செபம் முடிந்ததும் நிகழ்ந்த ஒன்றை நாம் பெரிதாக மதிக்கிறோம். பிள்ளைகள் கைகூப்பி ஒவ்வொரு பெரியவருக்கும் தோத்திரம் சொல்ல, அவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி அளிப்பர். பகலில் தகப்பனோடு முரண்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மகனும் அந்நேரத்தில் அவர்முன் வந்து நின்றாக வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே விளக்கின் முன் முழந்தாளிட்டாக வேண்டும். உபதேசம் எதுவும் இல்லாமலே எத்தனையோ மனத்தாங்கல்கள் அங்குத் தீர்ந்தன.

தொலைக்காட்சி வந்ததும் எல்லாம் அழிந்துவிட்டது என்பது மேடைப்பேச்சு, வரலாறு அவ்வாறன்று. தூர்தர்சன் காலத்தில் அது கேட்டது வாரத்தில் ஓரிரு மாலைகளைத்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’. ஞாயிறு மாலைத் திரைப்படம். தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதையைச் சற்று முன்னதாகத் தொடங்கலாமா என்று பங்கு மக்கள் தயங்கித் தயங்கிக் கேட்டதுண்டு. 1987 ஜனவரியில் ஞாயிறு காலைகளில் இராமாயணத் தொடர் தொடங்கியபோது வடநாட்டுக் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. எனினும் ஏனைய மாலைகள் வீட்டிற்கே உரியனவாக இருந்தன.

மாற்றம் 1990-களில் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. பிற அலைவரிசைகள் தொடர்ந்தன. நாளடைவில் வாரத் தொடர் நாள்தொடர் ஆயிற்று. திங்கள் முதல் வெள்ளிவரை, அதே நேரத்தில், அதே குடும்பத்தின் கண்ணீர். செபமாலையின் வலிமையே அது நாள்தோறும் ஒரே நேரத்தில் வருவதில்தான் இருந்தது. அந்த வலிமையை நெடுந்தொடர் அறிந்து எடுத்துக்கொண்டது. திரைப்படப் பாட்டைவிட இதுவே நம் இல்லங்களுக்குப் பெரிய போட்டி என்பது நம் கணிப்பு. குற்றம் முழுவதையும் பெட்டியின்மேல் சுமத்துவதும் முறையன்று. மாலைநேரத் தனிப்பயிற்சி வகுப்புகளும், இரவுநேரப் பணிகளும், குடியும் அந்நேரத்தை முன்பே அரித்திருந்தன. சந்தைக்கும் கோயிலுக்கும் அப்பால் போகாத தாய்மார்களுக்கு உலகச் செய்தி அதன் வழியேதான் வந்தது என்பதையும் மறக்கலாகாது.

1994-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் சமூகத் தொடர்பு நாள் செய்தியைத் தொலைக்காட்சியும் குடும்பமும் என்ற பொருளிலேயே எழுதினார். பெட்டியைப் பிள்ளை பார்க்கும் ஆயாவாக்கும் பெற்றோர், முதல் ஆசிரியர் என்னும் தம் பொறுப்பைக் கைவிடுகிறார்கள் என்று எச்சரித்தார். சில வேளைகளில் அதை அணைத்துவைப்பதே நல்லது என்றும் சொன்னார். 2006-இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழக வீடுகளில் நூற்றுக்கு 87-இல் பெட்டி இருந்தது. நாடு முழுமைக்கும் அது 47 மட்டுமே. வீடு மந்திரிக்கச் செல்லும் நாம் கண்ட ஒன்று: பல இல்லங்களில் மின்இணைப்பு இருந்த சுவரில் பெட்டி அமர்ந்தது, திரு இருதயப் படம் அதற்கு மேலே, அல்லது அடுத்த அறைக்கு நகர்ந்தது.

2020 மார்ச்சு இறுதியில் ஆலயங்கள் அடைக்கப்பட்டபோது அதே சுவர் பீடமாயிற்று. மார்ச்சு 27 அன்று, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று ஆசி வழங்கியதை நம் மக்கள் பெட்டியின்முன் மெழுகுவர்த்தி ஏற்றி முழந்தாளிட்டுப் பார்த்தனர். மாதா தொலைக்காட்சியின் திருப்பலி பலருக்கு நாள்தோறும் துணையாயிற்று. ஆலயங்கள் திறந்த பின்னரும் அதுவே போதாதா என்று கேட்போர் உளர். நலமாயிருப்போர் திரையில் காணும் திருப்பலி ஆலயத்தில் பங்கேற்பதற்கு ஈடாகாது; நோயுற்றோருக்கு அது பேருதவி என்ற விடை 1954 மடலிலேயே இருக்கிறது.

அந்தப் புனித வாரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. வேலையும் பள்ளியும் இல்லாமல் எல்லாரும் வீட்டிலிருந்த அம்மாலைகளில், சில இல்லங்களில் திருப்பலி முடிந்து பெட்டியை அணைத்ததும், பாட்டிமார் கேட்டதற்கிணங்கப் பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று தோத்திரம் சொல்லியிருக்கிறார்கள். பலருக்கு அதுவே முதல் தடவை. இப்போது அப்பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. அவ்வில்லங்களில் எத்தனையில் அவ்வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது என்பதை இவ்வாண்டு வீடு சந்திப்பின்போது கேட்டறிய எண்ணியுள்ளோம்.