இரண்டாவது பாட்டரி

நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற மறு மாதமே பழைய வேன் ஒன்றை வாங்கி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், அடுப்பு மேடை, சின்னதாக ஒரு குளிர்பெட்டி. வீட்டம்மாவுடன் காசிக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஊர் வழியே போகிற பெரிய ரஸ்தாவுக்கு 7-ஆம் நம்பர் இருந்த காலத்தில், அதன் ஒரு முனை கன்னியாகுமரி, மறு முனை காசி. 2010-இல் நம்பரை மாற்றி 44 ஆக்கினார்கள். இப்போது அது ஸ்ரீநகருக்குப் போகிறது. வாத்தியார் மனத்தில் மட்டும் அது இன்னமும் காசி ரஸ்தாதான்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வண்டியில இருக்கிற பாட்டரியே போதும்ங்கறான் மெக்கானிக். பத்தலைன்னா அதே மாதிரி இன்னொண்ணைப் பக்கத்துல வெச்சுக்கலாமாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

கதை எழுதுகிறவனிடம் பாட்டரி யோசனை கேட்கிறவர் தமிழ்நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சிரித்து மழுப்பியிருப்பேன். ஆனால் அந்தக் குளிர்பெட்டி பாலுக்கும் தயிருக்கும் மட்டும் அல்ல. வீட்டம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பிரிக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். நடுவழியில் ஒரு ராத்திரி பெட்டி நின்றுபோனால் மறுநாள் மருந்துக் கடை தேடி அலைய வேண்டியதுதான். அதனால் எனக்குத் தெரிந்ததை யோசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்குத் தெரிந்ததில் முதலாவது, வாளையாரில் கற்றது. 1990-களின் கடைசி. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நான், விடுமுறையில் மாமாவுடன் முட்டை லாரியில் கேரளத்துக்குப் போனேன். வாளையார் சோதனைச் சாவடியில் அந்த நாளில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் அந்தக் கும்பமேளா கலைந்தது. நல்ல வெயில் காலம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் படுத்தோம். கேபினில் சின்ன விசிறி ஒன்று, பாட்டுப் பெட்டி ஒன்று. இரண்டும் 12 வோல்ட். லாரிக்கோ 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை வரிசையாகப் பிணைத்திருப்பார்கள். அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து விசிறியையும் பாட்டையும் ஓட்டியிருந்தார் மாமா. அன்றைக்கு எல்லா லாரியிலும் இதே கைங்கரியந்தான்.

விடிகாலை மூன்று மணிக்கு வரிசை நகர்ந்தது. எங்கள் லாரி மட்டும் நகரவில்லை. மாமா செல்ஃபை அழுத்தினால் 'டக்' என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு பாட்டரி நிறைந்திருந்தது, ஜோடி காலியாக இருந்தது. வரிசைப் பிணைப்பில் இளைத்த மாடு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் வண்டி நகரும். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த அடியில் முட்டைகள் பொரிந்திருக்க வேண்டும். கடைசியில் அவர்களே இறங்கி வந்து தள்ளினார்கள். மாமா சாகும்வரை அந்தப் பாட்டரியைத்தான் திட்டினார். பாட்டரியின் மேல் குற்றம் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கிற்று. அதற்கு விதித்த வேலை வேறு.

இதற்குச் சரித்திரம் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் தோய்த்து, மின்சாரத்தை ஏற்றி இறக்கக்கூடிய முதல் பாட்டரியைச் செய்தவர் பிரான்சு தேசத்து காஸ்தோன் பிளாந்தே, வருஷம் 1859. 1881-இல் அதே தேசத்து கமிய் ஃபோர், தகட்டின் மேல் ஈயப் பசையை அப்பி அதை உபயோகத்துக்குக் கொண்டுவந்தார். அந்த வருஷமே லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் ரயிலில் ஒரு புல்மன் பெட்டிக்கு ஃபோரின் பாட்டரிகளால் விளக்குப் போட்டார்கள். பெட்ரோல் மோட்டார் அப்போது பிறக்கவே இல்லை! ஆக, பாட்டரி சக்கரத்தின் மேல் ஏறியபோது வண்டியைக் கிளப்புவதற்காக ஏறவில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு வெளிச்சம் தரத்தான் ஏறிற்று.

நம் ஊர் ரயிலில் இது நீண்ட நாள் கண்ணெதிரே இருந்த காட்சி. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த ஐ.சி.எஃப். பெட்டிகளைச் சேலம் ஜங்ஷனில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அடியில் அச்சிலிருந்து பெல்ட் போட்டுச் சுழலும் ஒரு டைனமோ; பக்கத்தில் பெரிய பெட்டிகளில் பாட்டரிகள். வண்டி ஓடும்போது மின்சாரம் ஏறும். ஸ்டேஷனில் நிற்கும்போது அதிலிருந்து விசிறி சுற்றும். எஞ்சினுக்குத் தனிப் பாட்டரி, பெட்டிக்குத் தனிப் பாட்டரி. இதன் ஜீவனாம்சத்தில் அது கை வைக்காது. அதன் ஜீவனாம்சத்தில் இதுவும் கை வைக்காது. வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பாதி விடை ரயில்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்ட விடைதான்.

மீதிப் பாதி மோட்டார்க்காரர்களிடம் இருக்கிறது. ஆதியில் மோட்டாரைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்புவார்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் கை எலும்பு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் கிளப்பும் ஸ்டார்ட்டரைச் செய்தார். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் அது வந்தது. அன்றிலிருந்து மோட்டார்ப் பாட்டரியின் தொழிலே மாறிவிட்டது. ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட வேண்டும். பிறகு சும்மா இருக்கலாம். அதற்காகத் தகடுகளை மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாக அடுக்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே கெட்டரிங்தான் 1916-இல் மின்கம்பம் போகாத பண்ணை வீடுகளுக்கு டெல்கோ லைட் என்ற சாதனத்தையும் விற்கத் தொடங்கினார். சின்ன எஞ்சின் ஒன்று, கண்ணாடி ஜாடிகளில் 16 செல்கள், 32 வோல்ட். வண்டியைக் கிளப்பும் பாட்டரி வேறு, வீட்டைக் காக்கும் பாட்டரி வேறு என்று அந்த ஒரே மனிதர் கையிலேயே பிரிந்து நின்றது.

வாத்தியாருக்கு இதைக் கணக்காகச் சொன்னேன்; கணக்கு வாத்தியார் ஆயிற்றே. வண்டியைக் கிளப்ப 300 ஆம்பியர் 3 விநாடி போனால், செலவு கால் ஆம்பியர்-மணி. ஒரு 20 வாட் விசிறி ராத்திரி பத்து மணி நேரம் சுற்றினால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர்-மணி. ஒரு விசிறி, ஒரு ராத்திரி, அறுபது எழுபது தடவை வண்டி கிளப்பிய செலவு! கிளப்பும் பாட்டரியை இப்படி அடிமட்டம் வரை சில பத்துத் தடவை இறக்கினால் மெல்லிய தகடு உதிர்ந்து போகும். அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால்? இரண்டும் சேர்ந்து உதிரும். தனித்தனியே பிரிக்காமல் பிணைத்துவிட்டால் விடிகாலையில் இரண்டும் ஒன்றாகக் கையை விரிக்கும்.

"அப்போ இன்வெர்ட்டர் பாட்டரிதானே?" என்றார்.

அது நியாயமான கேள்வி. 2012 வாக்கில் மின்வெட்டு நம்மைப் படுத்திய பாட்டில், நம் பக்கத்தில் வசதியுள்ள வீட்டிலெல்லாம் இன்வெர்ட்டரும் அதற்கு ஒரு டியூபுலர் பாட்டரியும் வந்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தன. தடித்த தகடு, குழல் உறை. நிதானமாக இறங்கி நிதானமாக ஏறும். ஆயிரம் தடவைக்கு மேலும் தாங்கும். குணவான்தான். ஆனால் 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஐம்பது கிலோவுக்குக் குறையாது. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். மாதம் ஒருமுறை வாலைத் தண்ணீர் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மனிதர் படுக்கும் கட்டிலுக்கு அடியில் வைக்கிற சாமான் அல்ல. இன்னொன்று, சேலம் வெயில். ஈயப் பாட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் பத்துப் பத்து டிகிரி ஏற ஏற ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. சித்திரை மாதத்தில் நம் சமவெளி 40-ஐத் தொடும்போது அது படும் பாடு தனிக் கதை.

லித்தியம் என்றதும் வாத்தியார் முகம் சுருங்கியது. ஸ்கூட்டர் தீப்பற்றிய செய்திகளைப் படித்தவர். லித்தியத்திலும் ஜாதி உண்டு. வண்டி வீட்டுக்கு எடுப்பது இரும்பு பாஸ்பேட் சேர்ந்த வகை. மற்றவற்றைவிடச் சூட்டுக்கு அடங்கியது, சுலபத்தில் பற்றாது. 1997-இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த கட்டுரையில் அதைப் பற்றி எழுதியவர்கள் மூன்று பேர்: பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப். கடைசிப் பெயர்க்காரர் 2019-இல் தம் 97-ஆம் வயதில் நோபல் பரிசு வாங்கினார். முதல் இரண்டு பெயர்களைப் பார்த்ததும் வாத்தியாருக்கு லித்தியத்தின் மேல் திடீரென்று ஒரு சொந்தம் வந்துவிட்டது. நம்மவர்கள் பெயரைக் கேட்டால் தீப்பிடிக்காது என்று நினைக்கிற மனம் நமக்கு.

பிறகு காகிதத்தில் செலவுக் கணக்குப் போட்டோம். விசிறி இரண்டு, ராத்திரி 9 மணி நேரம்: 360 வாட்-மணி. விளக்கு 40. போன்களுக்கு 40. குளிர்பெட்டி நின்று நின்று ஓடினாலும் வெயில் நாளில் சராசரி 20 வாட் என்று வைத்தால் நாள் முழுவதுக்கும் 480. கூட்டினால் 920. டியூபுலர் என்றால் பாதிதான் எடுக்கலாம். 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 900 கிடைக்கும், பற்றாது. இரும்பு பாஸ்பேட்டில் 100 ஆம்பியர்-மணிக்கு மொத்தம் 1280. அதில் எண்பது சதவீதம் எடுத்தால் 1024. எடை பன்னிரண்டு கிலோ அளவுதான். ஆனால் காசியில் வண்டி ஒரே இடத்தில் நான்கு நாள் நிற்கும். ஆகவே கூரையில் 200 வாட் சூரியத் தகடு ஒன்று வேண்டும்; நல்ல வெயிலில் நாளுக்கு 800 வாட்-மணி சேரும்.

விலை கூடத்தான். அதோடு, இந்த லித்தியத்தை வண்டியின் டைனமோவோடு நேரே பிணைத்தால் அது மின்சாரத்தை வாரிக் குடித்து டைனமோவைக் கருக்கிவிடும். நடுவில் அளந்து கொடுக்கிற சார்ஜர் ஒன்று வைக்க வேண்டும். அது தனிச் செலவு. வாத்தியார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த வீட்டம்மா, "விசிறி ஒண்ணு போதும் கண்ணு. பொட்டி நிக்காம இருந்தாச் சரி" என்றார்.

ஒரு விசிறி குறைந்தது. 180 வாட்-மணி மிச்சம். 100 ஆம்பியர்-மணியே தாராளமாகப் போதும் என்று முடிவாயிற்று.

போன மாதம் வண்டி பட்டறையிலிருந்து வந்தது. எஞ்சின் சூடு படாத மூலையில், கட்டிலுக்கு எட்டிப் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். முதல் ராத்திரி வாத்தியார் வண்டியை வாசலிலேயே நிறுத்தி, இருவரும் அதிலேயே படுத்தார்கள். குளிர்பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர். காலையில் நான் போனபோது அது 5 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே காப்பிக்குப் பால். வாத்தியார் டிரைவர் சீட்டில் ஏறி, என்னைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். ஒரே தட்டில் வண்டி கிளம்பிற்று.