கொள்ளைக் கப்பலில் வந்த பட்டு

சென்ற கோடையில் என் மகனுக்கு ஒரு கடற்கொள்ளையன் உடுப்பு தேவைப்பட்டது. நாங்கள் இருக்கும் மாசசூசெட்ஸ் கடற்கரையில், 1717ஆம் ஆண்டின் வாழ்க்கையை உடுத்தியும் சமைத்தும் நடித்தும் காட்டும் சிறு குழு ஒன்று உண்டு. பத்து வயதுப் பையனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சென்னையிலிருந்து வந்த என் மாமியார், பேரனுக்காகத் தி. நகரில் மூன்று கெஜம் சிவப்புப் பட்டு வாங்கி வந்திருந்தார். கடையில் ‘ரா சில்க்’ என்று சொல்லும் துணி.

குழுவின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். “நல்ல துணி. ஆனால் இந்தக் காலத்துக்கு ஆகாது” என்றார்.

அது டூப்பியன். இரண்டு பட்டுப்புழுக்கள் சேர்ந்து கட்டிய கூட்டிலிருந்து எடுக்கும் இழை சீராக இருக்காது. ஊடையில் ஆங்காங்கே தடித்து நிற்கும். இன்று நாம் அதை அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். அன்றைய நெசவாளருக்கு அது குறை. அக்காலப் பட்டு வழவழப்பானது: தாஃபெட்டா, சாட்டின், டமாஸ்க். அகலமும் குறைவு, சுமார் 20 அங்குலம். அதனால் பழைய உடைகளில் இன்றைய தையல்காரர் போடாத இடங்களில்கூட ஒட்டுத் தையல் இருக்கும். நிறமும் முக்கியம். 1856இல் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிக்கும்வரை எல்லாச் சாயமும் செடியிலிருந்தோ பூச்சியிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்ததுதான். துணி பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து பொடியாகும். பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும்.

இவ்வளவும் கேட்ட பிறகு நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி மனதில் வந்தது. கப்பலில் வேலை செய்தவனுக்குப் பட்டு எங்கிருந்து வந்தது?

சாதாரண மாலுமி உடுத்தியது லினன், கம்பளி, பாய்மரத் துணி. திரைப்படங்கள் காட்டும் பட்டு மேலங்கிக்குப் பின்னால் ஒரு சில தலைவர்களே இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டவனான பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் 1722 பிப்ரவரி 10 அன்று, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் நடந்த சண்டையில் இறந்தான். 1724இல் லண்டனில் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாறு, அன்று அவன் கருஞ்சிவப்பு டமாஸ்க்கில் வெஸ்ட்கோட்டும் கால்சட்டையும் அணிந்திருந்தான் என்கிறது. டமாஸ்க்கில் பாவும் ஊடையும் மாறி மாறி மேலே வரும். ஒரே நிறத்தில் வெளிச்சம் படும்போது மட்டும் பூ தெரியும். அவன் விரும்பியபடியே தோழர்கள் அவனை உடுத்திய உடையோடு கடலில் போட்டார்கள்.

மற்றவர்களின் கைக்குப் பட்டு வந்த வழியைச் சொல்ல வில்லியம் கிட் போதும். 1698 ஜனவரியில் அவன் மலபார்க் கரையோரம் ஒரு கப்பலைப் பிடித்தான். வங்காளத்திலிருந்து சூரத் போய்க்கொண்டிருந்த அதில் பட்டு, மஸ்லின், சர்க்கரை, வெடியுப்பு எல்லாம் இருந்தன. சரக்கு ஆர்மீனிய வணிகர்கள் ஏற்பாடு செய்தது; முகலாய அவைப் பிரபு ஒருவருக்கும் அதில் பங்கு. கப்பலின் பெயர் ‘க்வெடா மெர்ச்சன்ட்’. க்வெடா என்பது கெடாவின் பழைய ஆங்கில எழுத்து. நம் கல்வெட்டுகளின் கடாரம். கிட் 1699இல் எங்கள் பாஸ்டனில்தான் கைதானான். 1701 மே மாதம் லண்டனில் தூக்கிலிட்டார்கள்.

அதே 1701இல் இன்னொன்றும் நடந்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களின் கோபத்துக்கு அஞ்சி முந்தைய ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய, பாரசீக, சீனப் பட்டுத் துணிகளை இங்கிலாந்தில் உடுத்தக் கூடாது. ஆனால் லண்டன் கிடங்கில் இறக்கி மறுபடி வெளியே ஏற்றுமதி செய்யலாம். அந்த ‘வெளியே’யில் அமெரிக்கக் குடியேற்றங்களும் அடக்கம். லண்டனில் குற்றமான வங்காளப் பட்டு பாஸ்டனில் குற்றமில்லை. அதனால் 1717இல் இந்தக் கரையில் ஒரு மாலுமியின் கழுத்தில் வங்காளத்துப் பட்டுக் கைக்குட்டை இருந்திருக்கலாம். மேலங்கி வேண்டாம், கைக்குட்டை போதும் என்று முடிவு செய்தேன்.

மகன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கேட்டது ஜான் கிங்கின் உடுப்பு.

கேப் காட் கரையோரம் 1717 ஏப்ரல் 26 அன்று சாம் பெல்லமியின் ‘விடா’ கப்பல் புயலில் மூழ்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிவந்து ஜமைக்காவில் விற்ற கப்பல் அது. திரும்பும் வழியில் பெல்லமி பிடித்துக்கொண்டான். 1984இல் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஒரு சிறிய தோல் காலணியும், பட்டுக் காலுறையும், அவற்றோடு ஒரு கால் எலும்பும் கிடைத்தன. எலும்பு 8 முதல் 11 வயதுவரையுள்ள சிறுவனுடையது என்று 2006இல் தெரிந்தது. ஜான் கிங்காகத்தான் இருக்கவேண்டும் என்கிறார்கள். 1716 நவம்பரில் தாயோடு வேறொரு கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்த சிறுவன் அவன். பெல்லமி அந்தக் கப்பலைப் பிடித்தபோது தானும் கொள்ளையரோடு போவேன் என்று அடம்பிடித்தான். தடுத்தால் உயிரை விடுவேன் என்றான், தாயையும் மிரட்டினான். அந்தக் கப்பலின் தலைவர் கொடுத்த வாக்குமூலத்தில் இது இருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ராபர்ட்ஸின் டமாஸ்க் கடலோடு போனது. கிட்டின் பட்டு துறைமுகம் துறைமுகமாக விலைபோனது. கடலுக்கடியில் மிஞ்சிய இந்தப் பட்டு கொள்ளையடித்ததாகத் தெரியவில்லை. வசதியான வீட்டில் ஒரு தாய் மகனுக்கு மாட்டிவிட்ட காலுறையாகவே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் அவனுக்கு லினன் சட்டையும் பாய்மரத் துணியில் கால்சட்டையும் தைத்தோம். கழுத்துக்கு முர்ஷிதாபாத் பட்டில் ஒரு சதுரம். கிழக்கிந்திய கம்பெனி பட்டு வாங்கிய காசிம்பஜார் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஓரங்களை மாமியார் கையால் மடித்துத் தைத்தார். அவருடைய சிவப்புத் துணி பொங்கலுக்குச் சட்டையானது.

பார்க்க வந்தவர்கள் அந்தக் கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்து, இது கொள்ளையடித்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். மகன் ஆமாம் என்றான். யாரிடமிருந்து என்று ஒருவர் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தான். வங்காளத்து நெசவாளர், ஆர்மீனிய வணிகர், சூரத் போகவேண்டிய கப்பல் என்று நான் சொல்லத் தொடங்கியபோது வரிசை நீண்டுவிட்டது.

இந்தக் கோடைக்குப் பட்டுக் காலுறை வேண்டும் என்கிறான். வரலாற்றுப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது. வாங்கித் தருவதா என்று நானும் மனைவியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.