சீதைக்கு விழுந்த ஓட்டு

1991 மக்களவைத் தேர்தலில் வதோதராவில் பாரதிய ஜனதா வேட்பாளராக நின்று வென்றவர் தீபிகா சிக்லியா. வயது 26. தோற்றவர் காங்கிரஸின் ரஞ்சித்சிங் கெய்க்வாட், பரோடா அரச குடும்பத்தவர். ஓட்டு விழுந்தது தீபிகாவுக்கா, சீதைக்கா? இந்தக் கேள்வியை இன்னும் நாம் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது.

1983இல் 'சுன் மேரி லைலா' படத்தில் அறிமுகமானவர். ராமானந்த் சாகரின் 'விக்ரம் அவுர் பேதாள்' தொடர் வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்தார். 1987 ஜனவரி 25 அன்று சாகரின் 'ராமாயண்' தூர்தர்ஷனில் தொடங்கியது. 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடின. டிவி பெட்டிக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தினார்கள். இந்தி புரியாத நம்ம பக்கத்திலும் டிவி இருந்த வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தோம்.

பிம்பம் ஓட்டாக மாறுவது நமக்குப் புதுசில்லை. ஆனால் எம்.ஜி.ஆர். பிம்பத்துக்குப் பின்னால் கட்சியும் ரசிகர் மன்றங்களும் பல வருஷப் படங்களும் இருந்தன. தீபிகாவின் பிம்பத்தை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது மதச்சார்பற்ற அரசின் தொலைக்காட்சி. அறுவடைக்கு முதலில் இறங்கியதும் காங்கிரஸ்தான். 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் ராமனாக நடித்த அருண் கோவிலைப் பிரச்சாரத்துக்குக் கூட்டிவந்தது. ஜெயித்தது வி.பி. சிங். 1990இல் அத்வானியின் ரதம் சோமநாதபுரத்திலிருந்து கிளம்பியது. அடுத்த வருஷம் சீதையும், ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் ஒரே கட்சியில், ஒரே குஜராத்திலிருந்து மக்களவைக்குப் போனார்கள்.

எந்தச் சீதை போனாள் என்பதுதான் விஷயம். நெருப்பில் இறங்கியது நிழல் சீதைதான் என்று துளசிதாசர் வழியில் சமாதானம் சொன்ன தொடர் அது. பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்தபோது, வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கருதும் வட இந்தியத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிச்சக் கதையையும் காட்டு என்றார்கள். அரசன் விரட்டிய கர்ப்பிணிக்கு அடைக்கலம் கொடுத்தவர் அவர்களுடைய ஆள் அல்லவா? அரசு பணிந்தது, 'உத்தர ராமாயண்' வந்தது. அதிலும் ராமன்மேல் பழி விழாதபடி சீதை தானாகவே காட்டுக்குப் போகிறாள். விளிம்பிலிருந்து எழுந்த கோரிக்கையையும் பிரதி இப்படித்தான் செரித்துக்கொண்டது. குற்றம் சாட்டாத சீதைதான் வாக்குச் சேகரிக்கத் தோதானவள்.

1992 டிசம்பர் 6இல் மசூதி இடிக்கப்பட்டபோது தீபிகா அந்தக் கட்சியின் மக்களவை உறுப்பினர். அவரை வெறும் பொம்மை என்று தள்ளிவிட்டால் அந்தப் பொறுப்பிலிருந்தும் விடுவித்துவிடுகிறோம். நடிகைக்குச் சொந்த அரசியல் இருக்காது என்று நாமே நினைப்பதாகவும் ஆகிவிடும். 1996க்குப் பிறகு அவர் மக்களவையில் இல்லை. ரொம்ப காலம் திரையிலும் அதிகம் இல்லை. 2019இல் 'பாலா' படத்தில் கதாநாயகியின் அம்மாவாக வந்தார்.

2020 மார்ச் 28 அன்று ஊரடங்கில் தூர்தர்ஷன் 'ராமாயண்' தொடரை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. அதே நாள் தில்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஊர் திரும்ப வழியில்லாத தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து நின்றார்கள். பெட்டிக்குள் அதே சீதை, அதே புன்னகை. வனவாசம் போனவர்கள் வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தடவை மிச்சக் கதையைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு வேலையும் இல்லை.