மட்டாஞ்சேரியிலிருந்து ஊசிவரை

கொச்சியில் வில்லிங்டன் தீவு உருவாவதற்கு முன் மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் நடுவே கிடந்தது பெரும்பாலும் காயல்தான். அக்கரை போவதென்றால் வள்ளம் வேண்டும், வள்ளக்காரர் வேண்டும், நீரோட்டமும் ஒத்துவர வேண்டும். 1845-ல் தொடங்கிய எறணாகுளம் அரசு மருத்துவமனை, இன்றைய ஜெனரல் ஆஸ்பத்திரி, அந்த அக்கரையில் இருந்தது. மிளகுக் கிடங்கில் மூட்டை சுமந்தவருக்கும், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் துணி வெளுத்த தமிழ் வண்ணார் குடும்பங்களுக்கும் ஆஸ்பத்திரி என்றாலே தண்ணீரைத் தாண்டுவதுதான். டச்சுப் படையின் உடுப்புகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்பது அந்தக் குடும்பங்கள் சொல்லிவரும் செய்தி.

ஆனாலும் பக்கவாதத்துக்காக யாரும் அவசரப்பட்டு வள்ளம் ஏறியிருக்க மாட்டார்கள். ஏறியும் பயனிருந்திருக்காது.

இந்தக் கரையில் வைத்தியத்துக்குப் பஞ்சமும் இருந்ததில்லை. டச்சு மலபாரை ஆண்ட ஹென்ட்ரிக் வான் ரீட், ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலுக்காக மூலிகை விவரம் சேர்த்தபோது துணை நின்றவர்கள் கொச்சியின் கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூவரும், சேர்த்தலைப் பக்கத்து இட்டி அச்சுதனும். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது அச்சேறியது. கை கால் இழுத்துக்கொண்டவருக்குக் கேரள வைத்தியம் தந்தது எண்ணெயும் மூலிகைக் குழம்பும், உடலில் எண்ணெயைப் பிழிந்து ஊற்றும் பிழிச்சிலும். அதன் கணக்கு மண்டலக் கணக்கு. இழந்த அசைவை மெல்ல மீட்பதே நோக்கம் என்றால் அந்த நிதானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொச்சிக்கு வந்து, துறைமுக வாயில் மணல் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-ல் கப்பல்கள் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தன. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதே வில்லிங்டன் தீவு. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தீவு வழியாகப் பாலங்கள் வந்தன. தோப்பும்படிப் பக்கத்துப் பாலத்தில் கப்பல் போக நடுப்பகுதியை உயர்த்தும் ஏற்பாடு இருந்தது. பாலம் மேலே போனால் வண்டிகள் நிற்க வேண்டியிருந்தது. அதன் அருகிலேயே சுங்கம் வசூலித்த புதுப்பாலம் 2001-ல் திறந்தது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து எறணாகுளத்துக்குச் சாலை வழி சுமார் 12 கிலோமீட்டர். தண்ணீர் இனி தடையில்லை என்று ஊர் நிம்மதியடைந்த அதே காலத்தில்தான், பக்கவாதத்துக்கு ஒரு கடிகாரம் வந்து சேர்ந்தது.

அது வெளியூரில் ஓடத் தொடங்கிய கடிகாரம். 1971-ல் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் படம்பிடித்தது. மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்று உயிரோடிருப்பவரிடம் விரைவாகப் பிரித்தறிய அதன் பிறகே முடிந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுள்ளவருக்குப் போட்டால் ஆபத்து. ஸ்கேன் இல்லாமல் ஊசி இல்லை. முதல் அறிகுறியிலிருந்து 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி வரை நீட்டியது. பெரிய ரத்தக்குழாய் அடைப்பைக் கம்பிவலை கொண்டு இழுத்தெடுக்கும் சிகிச்சை 2015-ல் உறுதிப்பட்டது. ஒரு நிமிடத் தாமதத்தில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006-ல் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுச் சொன்னார்.

அப்படியானால் நேரம் எங்கே போகிறது? தூரத்தில் என்றுதான் எவரும் சொல்வார்கள். மட்டாஞ்சேரிக்காரர் கட்டாயம் சொல்வார். அவர் ஊரின் வரலாறே அதுதான். பதிலைச் சோதித்துப் பார்க்கும் கருவி மருத்துவத்துக்கு வெளியே பிறந்தது. 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் எர்லாங் என்பவர், இணைப்புக்குக் காத்திருக்கும் அழைப்புகளைக் கணிதமாக்கினார். 1952-ல் நார்மன் பெய்லி அந்தக் கணிதத்தை ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசைக்குக் கொண்டுவந்தார். கணினி இல்லாமல், தற்செயல் எண்களை வைத்துக் காகிதத்திலேயே கற்பனை நோயாளிகளை வரவழைத்துப் பார்த்தார். டாக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக நோயாளிகள் நெடுநேரம் காக்க வைக்கப்படுவது அதில் அம்பலமானது. (இன்றைய ஓ.பி. வாசலிலும் அந்த ஏற்பாடு சௌக்கியமாகவே இருக்கிறது.) 1965-ல் ஃபெட்டர், தாம்ப்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிரசவப் பிரிவையும் அறுவைப் பிரிவையும் கணினிக்குள் ஓடவிட்டார்கள்.

இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் தாமஸ் மங்க்ஸும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் இதே முறை பக்கவாதத்துக்கு வந்தது. கணினி மாதிரிக்குள் ஒரு கற்பனை நோயாளி வாசலில் இறங்குகிறார். எத்தனை மணிக்கு இழுத்துக்கொண்டது என்பது தெரியும் அல்லது தெரியாது. பரிசோதிக்க ஒருவர் வர வேண்டும், ஸ்கேன் மேசை காலியாக வேண்டும், படத்தைப் படிக்க ஆள் வேண்டும், பிறகே ஊசி. ஒவ்வொரு படிக்கும் உண்மைப் பதிவுகளிலிருந்து எடுத்த காலம், ஒரே எண்ணாக அல்ல, கூடிக் குறையும் எண்களாக. இப்படிப் பல ஆண்டுக் காலத்தைச் சில நிமிடங்களில் ஓட்டி, ஒரு படியை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டலாம். ஆம்புலன்ஸ் முன்கூட்டியே தகவல் சொன்னால் என்ன ஆகும், இரவிலும் குழு தயாராக இருந்தால் என்ன ஆகும் என்று உயிரைப் பணயம் வைக்காமல் கேட்கலாம். கிடைத்த பதில் சாலையைக் குற்றம் சாட்டவில்லை. வாசலுக்கும் ஊசிக்கும் இடையிலான நடைபாதையிலேயே பெரும் தாமதம் இருந்தது.

ஹெல்சின்கிக்காரர்கள் இதைக் கடிகாரத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார்கள். 1998-ல் வாசலிலிருந்து ஊசிக்கு 105 நிமிடம், 2011-ல் 20. செய்தது என்ன? ஆம்புலன்ஸ் ட்ராலியை காஷுவாலிட்டியில் நிறுத்தாமல் நேரே ஸ்கேன் மேசைக்குத் தள்ளினார்கள், மருந்தை அங்கேயே ஏற்றினார்கள்.

கேரளத்தில் இப்படி ஒரு மாதிரியை ஓட்டத் தேவையான எண்கள் கொஞ்சம் உண்டு. 2009-ல் வெளியான திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு, சுமார் 7.4 லட்சம் பேரை ஆறு மாதம் கவனித்து 541 பக்கவாதங்களைப் பதிந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1. நோய் வரும் விகிதம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், இந்த வித்தியாசம் சங்கடப்படுத்த வேண்டிய ஒன்று. 2019-ல் 315 வண்டிகளோடு ‘கனிவ் 108’ ஆம்புலன்ஸ் சேவை வந்தது. மாநிலத்தின் ‘சிராஸ்’ திட்டம் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் பக்கவாதப் பிரிவுகளைத் திறந்து, இலவசமாக ஊசி போட வழிசெய்தது.

இனி மட்டாஞ்சேரியைக் கணினிக்குள் வைத்துப் பார்க்கலாம். முதல் படியே வீட்டுக்குள் இருக்கிறது: வாய் கோணியதைக் கண்டவர் எண்ணெய் தேய்க்கிறாரா, படுத்துத் தூங்கச் சொல்கிறாரா, 108-ஐ அழைக்கிறாரா. அடுத்தது தோப்பும்படி நெரிசல், மணிக்கு மணி மாறும் எண். பிறகுதான் உண்மையான கேள்வி: பாலத்துக்கு இந்தப் பக்கமே ஸ்கேன் எடுத்து ஊசி போட்டுவிட்டு அக்கரைக்கு அனுப்புவதா, அல்லது நேரே எல்லா வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதா. லண்டன் 2010-ல் இரண்டாவதைத் தேர்ந்தது. சுமார் 30 மருத்துவமனைகளில் சிதறியிருந்த அவசரப் பக்கவாதச் சிகிச்சையை 8 மையங்களில் குவித்தது.

கொச்சிக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துவர முடியாது. இக்கரையில் ஸ்கேன் டெக்னீஷியன் பணியில் இருக்கும் காலை வேளையில், பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது, இங்கேயே ஊசி போடுவது முந்தலாம். இரவு இரண்டு மணிக்கு டெக்னீஷியனை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால், காலிச் சாலையில் அக்கரை போவதே விரைவு. எந்த மணியிலிருந்து விடை மாறுகிறது என்பதை மாதிரி சொல்லும். அதற்கு, நோயாளி வந்த மணியும் ஸ்கேன் எடுத்த மணியும் ஊசி போட்ட மணியும் காஷுவாலிட்டிப் பதிவேட்டில் தனித்தனிக் கட்டங்களில் நிரம்பியிருக்க வேண்டும்.