பறக்கும் தட்டும் பாலர் கைகளும்

தமிழில் 'பறக்கும் தட்டு' என்றதும் இரு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று, வேற்றுலகத்தார் ஏறி வருவதாகக் கதைகளில் சொல்லப்படும் ஊர்தி. மற்றொன்று, திடலிலும் கடற்கரையிலும் சிறுவர் எறிந்து விளையாடும் வட்டத் தட்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலன்று. 1947-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள், அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையருகே விமானம் ஓட்டிச் சென்ற கென்னத் ஆர்னால்டு என்பவர், வானில் விரைந்து செல்லும் ஒன்பது பொருள்களைக் கண்டதாகக் கூறினார். செய்தித்தாள்கள் அவற்றைப் பறக்கும் தட்டுகள் என்று எழுதின. நாடெங்கும் அதே பேச்சாயிருந்த வேளையில், 1948-இல், பிளாஸ்டிக்கில் வார்த்த விளையாட்டுத் தட்டு கடைத்தெருவுக்கு வந்தது. வானத்தைப் பற்றிய வதந்தியே அதன் விற்பனைப் பெயராயிற்று.

ஆயினும் தட்டெறியும் பழக்கம் அதனினும் மூத்தது. கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் வில்லியம் ரசல் பிரிஸ்பி என்பவர் 1871-இல் அடுமனை ஒன்றைத் தொடங்கினார். பழம் பொதிந்து சுட்ட 'பை' என்னும் பண்டம் அங்கிருந்து தகரத் தட்டுகளில் விற்பனைக்குச் சென்றது. தட்டில் பிரிஸ்பியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. உண்டபின் எஞ்சிய தட்டை யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கொருவர் எறிந்து ஆடினர் என்றும், குறுக்கே வருவோரை எச்சரிக்க அப்பெயரையே உரக்கக் கூவினர் என்றும் வழிவழியாகச் சொல்வர். வெர்மான்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரியும் இப்பெருமைக்கு உரிமை கோருகின்றது. பாய்ந்து தட்டைக் கவ்வும் நாயின் வெண்கலச் சிலையொன்றும் அங்கு 1989-இல் நிறுவப்பட்டது. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தேவை நமக்கில்லை. வெறுந்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர் எவ்வூரில்தான் சும்மா இருந்தனர்? பலர் பல இடங்களில் தாமே கண்டுகொண்டனர் எனக் கொள்வதே பொருந்தும்.

தட்டை விளையாட்டுப் பொருளாக ஆக்கியவர் யூட்டா மாநிலத்தில் 1920-இல் பிறந்த பிரெட் மாரிசன். 1937-இல் அவரும், பின்னாளில் அவர் மனைவியான லூசில் அம்மையாரும் சோளப்பொரி டப்பாவின் மூடியை எறிந்து விளையாடினர். மூடி விரைவில் நெளிந்தது. கேக் சுடும் தட்டுக்கு மாறினர். மறு ஆண்டு சாந்தா மோனிகா கடற்கரையில் அவர்கள் ஆடுவதைக் கண்ட ஒருவர், அத்தட்டுக்கு 25 காசு தருவதாகச் சொன்னார். கடையில் அதன் விலை 5 காசு. வணிகம் அங்கே தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் போர்விமானம் ஓட்டிய மாரிசன், காற்றின் இயல்பை அறிந்தவராய்த் திரும்பி வந்தார். 1946-இல் தட்டின் வரைபடத்தை வரைந்தார். 1948-இல் வாரன் பிரான்சியோனி என்பவருடன் சேர்ந்து பிளாஸ்டிக் தட்டை வார்த்தார். 1955-இல் அதனைத் திருத்திப் 'புளூட்டோ பிளாட்டர்' எனப் பெயரிட்டார். 1957 சனவரி 23-ஆம் நாள் அதன் உரிமை வாம்-ஓ என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்குச் சென்றது. கிழக்குக் கரையின் கல்லூரி மாணவர் வழங்கிய பழைய பெயரை, ஈற்றெழுத்தில் சிறு மாற்றத்துடன், அந்நிறுவனம் அதே ஆண்டில் தட்டுக்குச் சூட்டியது. பெயரைத் தந்த அடுமனையோ 1958-இல் மூடப்பட்டது.

ஆசிரியர்கள் கருத்தூன்றிக் காணவேண்டிய செய்தி ஒன்று அத்தட்டின் அடிப்புறத்தில் உள்ளது. எப்படி விளையாடுவது என்னும் பாடம் அங்கே சில சொற்களில் புடைப்பாக வார்க்கப்பட்டிருந்தது. எறிந்து பிடித்து ஆடுக, புதிய ஆட்டங்களைப் புனைக. புறங்கை முன்செல்ல வீசுக. மட்டமாக வீசினால் நேரே செல்லும், சாய்த்து வீசினால் வளைந்து செல்லும். செய்து பார்க்க என்பது அதன் கருத்து. பாடநூலும் பயிற்றுநரும் இல்லாத ஆட்டத்துக்கு ஆட்டப் பொருளே ஆசானாக அமைந்தது! அப்பாடம் பிழையற்றது, சுருக்கமானது. ஆயினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. எறிதலுக்கு அத்தனை குறிப்புத் தந்த அது, பிடித்தலைப் பற்றி 'பிடித்து ஆடுக' என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரி இளைஞருக்கு அது போதும். ஐந்து வயதுக் குழந்தைக்குப் போதாது.

அதற்குமுன் தட்டு எவ்வாறு பறக்கின்றது என்பதைச் சுருங்கக் காண்போம். மேற்புறம் சற்றே குவிந்த தட்டு காற்றில் செல்கையில் மேல்நோக்கிய விசை ஒன்று அதனைத் தாங்குகின்றது. அவ்விசை தட்டின் நடுவிலன்றிச் சற்று முன்னே தாக்குவதால் முன்விளிம்பு மேலெழ முயலும். சுழலாத தட்டு அக்கணமே புரண்டு விழும். சுழலும் தட்டோ, பம்பரம் சாயாது நிற்பதைப் போலத் தன் நிலையைக் காத்துக்கொள்ளும். எடையின் பெரும்பகுதி விளிம்பில் இருப்பது இதற்குத் துணை. 1964-இல் வாம்-ஓ நிறுவனத்தில் சேர்ந்த எட் ஹெட்ரிக் என்பவர் மேற்புறத்தில் வட்ட வரிகளை அமைத்துப் பறத்தலை மேலும் நிலைப்படுத்தினார். 1967-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆகவே தட்டெறிதலில் தோள்வலியினும் மணிக்கட்டின் சுழற்றே முதன்மையானது. பந்தெறியும் போட்டியில் எப்போதும் கடைசியில் நிற்கும் மெலிந்த குழந்தைக்கு இவ்வியல்பு ஒரு வாயிலைத் திறக்கின்றது.

எறிதலில் குழந்தைகள் வளரும் முறையை மோனிகா வைல்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1938-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். குழந்தைகள் பந்தெறிவதைத் திரைப்படச் சுருளில் பதிந்து அவர் படிநிலைகளை வகுத்தார். இரண்டு மூன்று வயதில் கால்கள் அசையா. கை மட்டுமே வீசும். அடுத்து உடல் திரும்பத் தொடங்கும். ஐந்து ஆறு வயதில் குழந்தை ஓரடி முன்வைத்து எறியும். ஆனால் எறியும் கையின் பக்கத்துக் காலையே முன்வைக்கும். எதிர்ப்பக்கக் காலை முன்வைத்து எறிவது அதன்பின் வரும் முதிர்நிலை. பந்தாட்டத்தில் திருத்தப்பட வேண்டிய அந்த ஒருபக்க அடி, தட்டெறிதலில் முறையான அடியாகவே அமைகின்றது! வலக்கைக் குழந்தை வலத்தோளை நண்பனை நோக்கித் திருப்பி நின்று, வலக்காலை முன்வைத்து, நெஞ்சின் குறுக்கே இருந்து தட்டை விடவேண்டும். பந்தெறியத் தெரியாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தை முதல் நாளிலேயே சரியான அடியில் நிற்பதைக் காணும் ஆசிரியர் மகிழ்வார்.

எறியும்போது தோன்றும் பிழைகள் சிலவே. கையை அகல வீசித் தாமதித்து விட்டால், வலக்கைக் குழந்தையின் தட்டு வலப்பக்கம் ஓடிவிடும். முன்விளிம்பு மேல்நோக்கினால் தட்டு உயர்ந்து, தயங்கி, விழும். மணிக்கட்டை உட்புறம் மடக்கி, நண்பனை நோக்கி விரல் நீட்டுவதுபோல் விரித்து முடிக்கச் சொன்னால் இரண்டும் பெரிதும் குறையும். முதலில் தட்டைத் தரையில் நிமிர்த்தி உருட்டிவிடச் செய்தல் நன்று. உருளும் தட்டை ஓடிப் பிடிப்பதில் அச்சமில்லை.

அச்சம் என்பதே இனி நாம் கருதவேண்டியது. மூன்று நான்கு வயதுக் குழந்தை கைகளை விறைப்பாக நீட்டி நிற்கும்; வருவது கையில் விழுந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பின்னர், வருவதைக் கைகளால் வாரி மார்போடு அணைக்கும். இப்பருவத்தில் பல குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களை மூடும். இதனைக் கோழைத்தனம் என்று கடிந்துகொள்ளும் பெரியோர் உண்டு; அது அறியாமை. கண்ணைக் காக்கும் இயல்பு அது. கடினமான விளிம்பு ஒருமுறை மூக்கில் பட்டுவிட்டால், அக்குழந்தை அடுத்த நாள் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லித் திடலின் ஓரத்துக்குச் சென்றுவிடும். ஆட்டத்தை விட்டு விலகிய குழந்தையை மீண்டும் அழைத்துவருதல் புதிதாகக் கற்பிப்பதினும் கடினம்.

ஆகவே பிடித்தலையே முதலில் கற்பிக்கவேண்டும் என்பது என் துணிபு. பெரியோர் போட்டிகளில் ஆடும் 175 கிராம் தட்டு இவர்களுக்கு வேண்டா. துணியால் தைத்த தட்டோ, மெத்தென்ற நுரைத்தட்டோ போதும். மூன்று நான்கு அடி தொலைவில் ஆசிரியர் முழந்தாளிட்டு, குழந்தையின் கண்மட்டத்தில் இருந்து, நெஞ்சுக்கு நேரே மெல்ல விடவேண்டும். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக, முதலை வாய் திறப்பதுபோல் விரித்து, தட்டு உள்ளே நுழைந்ததும் மூடிக்கொள்வது எளிய பிடி. முதலை என்றதும் குழந்தைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. விளிம்பைப் பற்றும் பிடி பின்னர் வரலாம். அதில் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றே: நெஞ்சுக்கு மேலே வருவதைக் கட்டைவிரல் கீழ்நோக்கவும், இடுப்புக்குக் கீழே வருவதைக் கட்டைவிரல் மேல்நோக்கவும் பிடித்தல். தட்டு மிதந்து வருவதால் பந்தைவிடச் சற்றுக் கூடுதலாக நேரம் தருகின்றது. ஆனால் இறுதியில் வளைந்து ஏமாற்றவும் கூடும். அதனால் கால்களும் நகரப் பழகவேண்டும். பிடி கைவந்தபின் ஓரடி ஓரடியாகத் தொலைவைக் கூட்டலாம்.

இவ்வாறு பிடிக்கக் கற்ற குழந்தையிடம் தட்டாட்டம் மற்றொன்றையும் கேட்கும். நியூ செர்சி மாநிலத்து மேப்பிள்வுட் நகரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில், 1968-இல் சோயல் சில்வர் என்னும் மாணவர் தட்டாட்டத்துக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என மாணவர் மன்றத்தில் விளையாட்டாகவே தீர்மானம் கொணர்ந்தார். அவ்வேடிக்கையிலிருந்து இரு குழுவினர் ஆடும் 'அல்டிமேட்' என்னும் ஆட்டம் பிறந்தது. பள்ளியின் வண்டி நிறுத்துமிடமே அவர்களின் ஆடுகளம். 1972 நவம்பர் 6-ஆம் நாள் நடந்த முதற் கல்லூரிப் போட்டியில் ரட்கர்ஸ் அணி 29-27 என்னும் கணக்கில் பிரின்சிடன் அணியை வென்றது. உலகத் தட்டாட்டக் கூட்டமைப்பு 1985-இல் தோன்றியது. 2015-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு அதற்கு முழு ஏற்பளித்தது. அதே ஆண்டு சென்னைக் குழுவொன்றைப் பற்றிய '175 கிராம்' என்னும் குறும்படம் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஆடவரும் மகளிரும் ஒரே அணியில் ஆடும் வகையும் இவ்வாட்டத்தில் உண்டு. உலகக் கூட்டமைப்பின் விதிப்படி களத்தில் நடுவர் தீர்ப்புக் கூறுவதில்லை. தவறு நேர்ந்தால் ஆடுவோரே சொல்லித் தீர்த்துக்கொள்வர்.

தொடக்கப் பள்ளித் திடலிலும் அந்த வேளை வரும். தட்டு கையில் பட்டதா, தரையைத் தொட்டபின் எடுக்கப்பட்டதா என்னும் சச்சரவு எழும். இருபுறத்தாரும் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பர். ஆசிரியர் ஊதலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிடித்த குழந்தையிடமே கேட்கவேண்டும். ஏழு வயதுக் குழந்தை ஒரு கணம் தட்டைப் பார்க்கும், தோழரைப் பார்க்கும், பிறகு விடை சொல்லும்.